ஓரகத்திக்குக் கிடைத்த கைத்தட்டல்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் பொருமினாள்.

"வருஷம் பூரா நாத்து நட்டு குனியறவ நானு. கைத்தட்டு வாங்கறவ என் ஓரகத்தி!"

"எங்க நடந்துச்சுக்கா?"

"லீவுக்கு குடும்பத்தோட பொம்மையார்பாளையம் போனோம். பீச்சுல யோகா கிளாசு. புதுசா வர்றவங்களும் சேரலாம்னாங்க, ரெண்டு பேரும் சேந்தோம். குனிஞ்சி கால தொடணும். நான் உள்ளங்கையவே மணல்ல வெச்சேன். அவளுக்கு முட்டிக்குக் கீழ கை எறங்கல. டீச்சரம்மா அவளுக்குத்தான் கை தட்டினாங்க."

"ஏனாம்?"

"முதுகுவலியோட முயற்சி பண்றாளாம்."

"அப்புறம்?"

"கடைசில கண்ண மூடி படுக்க சொன்னாங்க. அவ தூங்கியே பூட்டா. நான் ஒத்தக் கண்ண தொறந்து அவளையே பாத்துக்கினு கெடந்தேன். டீச்சரம்மா என்கிட்ட வந்து, 'குனியறது உங்களுக்கு நல்லா வருதும்மா, சும்மா இருக்கறதுதான் வரல'ன்னாங்க."

தோழி சிரித்துவிட்டாள்.

"நல்லவேள, அது என் ஓரகத்தி காதுல வுழல."