பாதை திரும்பாத மத்தியானம்

இல்லை, போன மாதம் துறையில் நடந்தது வெறுங்கதை இல்லை. வெறுங்கதையா என்று கேட்டவர் இருக்கட்டும், பதில் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

தலைமை தாங்கும் ஸைனுலாப்தீன் ஹாஜியார் அவர்களே, களப்பும் கரையும் கண்டு நரைத்த பெரியோர்களே, கைப்பிள்ளையோடு கால்கடுக்க நிற்கும் தாய்மார்களே, புஸ்பராணியின் வணக்கம், ஸலாம்.

இந்த உப்புநீர்க் களப்பைக் கடக்க ஆளேற்றும் மிதவையை, எங்கள் பாதையை, ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கச் சம்மதமா என்று இன்று கை தூக்கச் சொல்கிறார்கள். நட்டமென்று அரசாங்கம் கைவிடும் ஒன்றை, யுத்தத்தின் நடுவே, இலாபம் பார்க்கும் மனிதர் ஏன் கேட்கிறார்? எதைக் கண்டார்? எங்களுக்குத் தெரியாமல் எதை எடுக்கப் போகிறார்?

"கூரை போட்டிருக்கு, பிள்ளை! கதிரையும் இருக்கு!"

ஓம் ஐயா. வெள்ளோட்டமென்று அவர் விட்ட எஞ்சின் பாதையில் கூரை இருக்கிறது. கதிரை இருக்கிறது. தமிழருக்கு ஒரு நடை, முஸ்லிம்களுக்கு ஒரு நடை என்ற ஏற்பாடும் இருக்கிறது. பாதுகாப்புக்காம். யார் கேட்ட பாதுகாப்பு?

பழையதில் கதிரை இல்லை. பலகைத் தளம். கரைக்குக் கரை குறுக்கே ஒரு வடம். ஏறியவர் எல்லோரும் பிடித்து இழுத்தால்தான் அக்கரை. கரையில் யாராவது வெள்ளைத் துணி வீசினால் நோயாளி என்று அர்த்தம். நடுக் களப்பிலும் திரும்பும். ஷெல் விழுந்த நாளிலும் திரும்பியது.

போன மாதம் ஒரு மத்தியானம். என் அக்கா பூரணிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரி அக்கரையில். பக்கத்து வீட்டு ஸாலிஹா கூட வந்தார். புதிய பாதை அப்போதுதான் புறப்பட்டிருந்தது, முஸ்லிம்களின் நடை. இராசதுரை அண்ணர் தன் தோணியைக் காட்டினார்: "ஏறுங்கோ, நான் கொண்டுபோறன்."

"ஆடுற தோணியில இவவ ஏத்த ஏலா. பாதை திரும்பும், நீங்க போங்க," என்றார் ஸாலிஹா.

தன் தலையில் கிடந்த வெள்ளை முக்காட்டை இழுத்தெடுத்து, சென்ரிக் காவலரணில் நின்ற ஆமிக்காரர் பார்க்க, வீசினார். வீசினார். கை ஓயும்வரை வீசினார்.

பாதை திரும்பவில்லை. அக்கா இருக்கிறாள். பிள்ளை இல்லை.

அன்று அந்தப் பாதையில் இருந்த றஹ்மான் காக்காவைக் கேட்டேன். பழையதில் வடம் இழுத்துக் கை கிழிந்த, நாங்கள் அண்ணராய் எண்ணும் அதே காக்கா.

"கண்டன் புள்ள. பழசெண்டா நானே திருப்பியிருப்பன். இது அவன்ட பாதை. நாம எப்பிடிச் சொல்ற?"

காக்கா, தலை குனியாதீர்கள். என் சந்தேகம் உங்கள்மீது அல்ல. அவர் கேட்பது பலகையையா, "திருப்பு" என்று கத்தும் உங்கள் குரலையா? கூரை தந்து குரலை எடுத்தால்? கதிரை தந்து கையை எடுத்தால்? தனி நடை தந்து, ஒருவர் துணி வீச மற்றவர் பாராதிருக்கப் பழக்கினால்? இன்று பாதை. நாளை ஆஸ்பத்திரியா? நாளை வீசப்போவது யார்? உங்கள் மகளா? உங்கள் மருமகளா?

"பழசு ஓட்டை எண்டாங்களே!"

சொன்னவர் யார், தம்பி? துறையில்தானே கட்டிக்கிடக்கிறது. நாம் போய்ப் பார்த்தோமா?

தாய்மார்களே, இப்போது தூக்கச் சொல்வது வடம் பிடித்த கையை. யோசியுங்கள். கேட்டிருந்தவர்களுக்கு நன்றி, குறுக்கே கேட்டவர்களுக்கு இன்னும் நன்றி. வணக்கம், ஸலாம்.

மேடையை விட்டு இறங்கிய புஸ்பராணி, கைகளை எண்ணும்வரை நிற்கவில்லை. துறைக்குப் போய், ஓட்டை என்று சொல்லப்பட்ட பழைய பாதையைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, அதில் ஏறி, வடத்தைப் பிடித்து இழுத்தார்.