மரம் அறுக்கும் மெஷினுக்கு உயிர் கொடுத்த ரெபேக்காள்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பெரியவர் தீனதயாளன் அவர்களே, அம்மாவை இழந்து நிற்கும் மகள் ஜாய்ஸே, வலையையும் வேலையையும் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் சதுரங்கப்பட்டினத்து மக்களே! உங்கள் எல்லோருக்கும் தனகோடியின் வணக்கம்.

அழுதுகொண்டே பேசப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அழுவதெல்லாம் போன வாரமே அழுதாகிவிட்டது. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரே ரெபேக்காள் அம்மையார், அன்றைக்கே என் கண்ணீர் தீர்ந்துவிட்டது. இன்றைக்கு நான் அவரைக் கொண்டாட வந்திருக்கிறேன்!

நம் புயல் மீட்புக் குழுவில் அவரும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். கார்களுக்கு ஒயர் கட்டும் பிரிவில் அவருக்கு வேலை. விடுமுறை என்றால் இங்கே எதையாவது கழற்றிக்கொண்டு இருப்பார். கோபக்காரர். தப்பாக மாட்டினால் திட்டுவார். சரியாக மாட்டினாலும் திட்டுவார்!

அந்தப் புயல் கரையைக் கடந்த காலை யாருக்கு மறக்கும்? முத்துசாமி வீட்டின் மேல் தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடக்கிறது. உள்ளே அவர் மகள் பிரதீபா, கையில் பச்சைக் குழந்தை. வாசலை மரம் அடைத்துவிட்டது. சுவர் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கிறது. தீயணைப்பு வண்டியோ, வழியெல்லாம் விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நம்மிடம் இருந்தது என்ன? குழுவின் பழைய மரம் அறுக்கும் மெஷின் ஒன்று! கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், ஒரு இருமல்கூட இல்லை.

"இன்னா தனகோடி, சும்மா இஸ்துகினே கீற? குடு இப்டி!"

வந்துவிட்டார் ரெபேக்காள்! பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுக்கச் சொன்னார். பொறி இல்லை. புதுப் பிளக் போட்டார். பொறி இல்லை. நிறுத்துகிற சுவிட்சின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"கரண்ட் குடுக்கற காயில் நல்லா கீது. பக்கத்துல கீற எலக்ட்ரானிக் டப்பாதான் பூட்ச்சி. இந்த மாடலுக்கு இப்ப எங்கயும் கிடைக்காது. புல்லு வெட்ற மெஷினு யார்னா வச்சிகினு கீறீங்களா? அதுலயும் அதே வேலைய செய்ற டப்பா ஒண்ணு இருக்கும்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊரில் அந்த மெஷின் ஒருவரிடம்தான் இருந்தது. இதோ, மேடையில் இருக்கும் தீனதயாளன் ஐயாவிடம்! மழைநீர் வாய்க்கால் தகராறில் இவருக்கும் ரெபேக்காளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. ஒருவர் நிழல் ஒருவர் வாசலில் விழாது. ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார், ஊருக்கே தெரிந்த கதை.

ரெபேக்காள் தயங்கினாரா? நேரே இவர் முன்னால் போய் நின்றார்.

"உங்க மெஷின பிரிக்கணும். திரும்ப ஓடும்னு சொல்ல முடியாது."

"உள்ள புள்ள கத்திகினு கீது, என்னாண்ட என்னா கேட்டுகினு நிக்கிற? பிரிம்மா!" என்றார் ஐயா. ஓடிப்போய் மெஷினைத் தோளில் தூக்கி வந்தவரும் இவர்தான்!

டப்பாவைக் கழற்றி, நம் மெஷினின் காயிலோடு ஒயரை முறுக்கி, டேப் சுற்றினார். பிளக்கை எஞ்சின் உடம்பில் வைத்தார். இழுத்தேன். நீலமாக ஒரு பொறி! ஊரே கத்தியது! பிளக்கை மாட்டி மறுபடி இழுத்தேன். கயிறு என் கையை வெடுக்கென்று திருப்பி இழுத்துவிட்டது. தோள்பட்டையே கழன்றதுபோல் வலி. அந்த நேரம் உள்ளே சுவரிலிருந்து செங்கல் சரிகிற சத்தம். முத்துசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

ரெபேக்காள் கண்ணை மூடினார். ஜெபித்தாரா, யோசித்தாரா? பிறகு கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார்.

"பொறி வர நேரம் தப்பு, அதான் எதுத்து உதைக்குது. ரெண்டு ஒயரையும் மாத்திப் போடறேன். ஐயா, கெட்டியா புடிங்க!"

தீனதயாளன் ஐயா பிடிக்க, ரெபேக்காள் ஒயரை மாற்றினார். இழுத்தேன்.

உறுமியது ஐயா, உறுமியது! என்ன சத்தம்! என்ன புகை! முட்டுக் கொடுத்து, கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் துண்டு துண்டாக அறுத்தோம். பிரதீபா குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் காலில் காயம். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை! அந்தக் குழந்தைதான் முன்வரிசையில் அம்மா மடியில் உட்கார்ந்து உங்களையெல்லாம் வேடிக்கை பார்க்கிறாள்!

எல்லாம் முடிந்தபின் ரெபேக்காள், "ஐயா, உங்க மெஷினு..." என்று ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும். வூட்டுக்கு வா, டீ குட்ச்சிட்டு போ" என்றார் இவர்.

போனார்! நானும் போனேன். மூன்று பேரும் சேறும் எண்ணெயுமாக உள்ளே உட்கார்ந்து டீ குடித்தோம். அடுத்த வாரம் அந்த வாய்க்காலை இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வெட்டினார்கள். எத்தனை பஞ்சாயத்து பேசியும் முடியாதது, தோழர்களே!

இந்த மழைக்காலத்துக்கும் நம் குழு நிற்கும். எந்த வீட்டில் மரம் விழுந்தாலும், அது யார் வீடு என்று கேட்காமல் போவோம். அம்மா இடத்துக்கு ஜாய்ஸ் வருகிறாள். அவளே கேட்டு வாங்கிய பொறுப்பு இது. வழக்கமாக இந்த இடத்தில் மவுனமாக நிற்கச் சொல்வார்கள். ரெபேக்காளுக்கு மவுனம் பிடிக்காது! அறுக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு அந்த மெஷினை இங்கே வைத்திருக்கிறோம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

ஜாய்ஸ், கயிற்றைப் பிடி. இழும்மா!