வஞ்சிரக் குழம்பைத் திட்டியவர்

எண்ணூரிலிருந்து வந்த காலை ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "என்னிய நெட்டுல கழுவி ஊத்தினது எங்கூட்டுக்காரருதான்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"நான் சமையல் வீடியோ போடுறது அவருக்குத் தெரியாது. அம்மா வூட்டுல, கை மட்டும் தெரியுற மாதிரி எடுப்பேன். வஞ்சிரக் குழம்பு போட்டேன். 'கலீஜா கீது, நாய்கூட துன்னாது'ன்னு ஒரு ஆளு எழுதிகீறான். அவன் புரொஃபைல் படத்தப் பாத்தா எங்க பைக்கு, நம்பரோட! வூட்டுக்கு எடுத்தாந்த அதே குழம்ப அன்னிக்கு ரெண்டு வாட்டி ஊத்திக்கினு துன்னாருக்கா."

"கேட்டியா?"

"கேட்டேன். 'யாரோன்னு நெனச்சிட்டேன்டி. வேலையில மேஸ்திரி திட்டுறான், அத எங்க போய் கொட்டுறது'ன்னாரு. 'அந்த யாரோவும் என்ன மாதிரி அடுப்புல வெந்துதான சமைச்சிருப்பா'ன்னேன். அழுகையா வந்துச்சு. ரெண்டு நாள் அவருகூட பேசல."

"அப்பால?"

"மூணாம் நாள் அவரே சாரி கேட்டாரு. இப்ப அவரு நெட்டுல திட்டின அல்லாருக்கும் தேடித் தேடி சாரி எழுதிகினு கீறாரு."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "எத்தினி பேருடி?"

"ஒரு வாரமா எழுதுறாருக்கா. இன்னும் முடியல."