கலக்காமக் குடிக்கிற காபி

தலைவலி இப்ப எப்படி இருக்கு சார்? இன்னும் விண்ணு விண்ணுனு தெறிக்குதா? உள்ள வாங்க, வாசல்லயே நின்னா எப்படி. காருக்கு ஒண்ணும் ஆகல, நேத்து நீங்க விட்ட இடத்துலயே நிக்குது. சாவி இதோ ஆணியில மாட்டியிருக்கேன். உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. சின்னவன் தூங்கறான், அதான் மெல்லப் பேசறேன். இவரு குளிச்சிட்டிருக்காரு, இப்ப வந்துடுவாரு.

என்ன சார்? ம். ஓ, இதச் சொல்லத்தான் காலங்காத்தால வந்தீங்களா.

இல்ல இல்ல, எனக்குப் புரியுது. நேத்து சாயங்காலம் இவரு தோள்ல கையப் போட்டுக்கிட்டு, அடுத்த மாசத்துலேர்ந்து ஷிப்ட் இன்சார்ஜ் இவன்தான், என் கம்பெனியில அட்டைப்பெட்டி மெஷினோட முனகல வச்சே அதுக்கு என்ன நோவுன்னு சொல்றவன் இவன் ஒருத்தன்தான்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இப்ப என்னன்னா, அது நீங்க பேசல, உள்ள போன சரக்கு பேசுச்சு, இவரு அத மனசுல வச்சுக்க வேணாம். அப்படித்தானே? அந்த வேலை உங்க மச்சினருக்குன்னு வீட்ல ஏற்கெனவே பேசி முடிச்சாச்சா. சரி சார். வீட்ல பேசி முடிச்சத மாத்தறது எவ்வளவு பாடுன்னு எனக்குத் தெரியாதா என்ன.

பாத்ரூம்லேர்ந்து பாட்டு வருதே, கேக்குதா? தினம் பாட மாட்டாரு. தினம் தொண்டையக் காறற சத்தம்தான் வரும். இன்னிக்கு எழுந்ததும் அவங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு, தங்கச்சிக்கும் சொல்லிட்டாரு. பால் போடறவருக்கும் சொல்லியாச்சு.

அதனால நீங்களே அவர்கிட்ட சொல்லிடறீங்களா? நான் பக்குவமா எடுத்துச் சொல்லணுமா. ம். அதுவும் சரிதான், பக்குவம்னாலே பொம்பளைங்க வேலையாச்சே.

சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி இந்தக் காபி கதையக் கேளுங்க, அவரு வர்ற வரைக்கும் பொழுது போகும்.

நம்ம தெருமுனையில பாரோட சேர்ந்த காபிக் கடையில குளிர் வந்தா வாசல்ல ஒரு போர்டு வைப்பாங்கல்ல, குளிர்கால ஸ்பெஷல்னு. போன குளிர்ல நீங்க ஆபீஸ் ஆளுங்கள மட்டும் அங்க கூட்டிட்டுப் போனீங்களாம். மறுநாள் முழுக்க உங்களுக்கெல்லாம் அந்தப் பேச்சுதானாம். சூடா காபி, அதுக்குள்ள ரம், மேல க்ரீம், தொண்டையில இறங்கினா நெஞ்சுக்குள்ள கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும்னு நீங்க சொன்னத இவரு மெஷின் பக்கத்துலயே நின்னு கேட்டிருக்காரு. கேட்டதோட விட்டாரா? இந்தக் குளிர்ல அத நம்ம வீட்லயே போட்டு, சாரையே கூப்பிட்டுக் குடுக்கறேன்னு கிளம்பிட்டாரு.

போன் வீடியோவுல ஒரு தாடிக்காரரு சொல்லிக் குடுக்கறாரு சார். காபிதான் போடறாரு, ஆனா ஆபரேஷன் பண்ற டாக்டர் கெட்டாரு. கிளாஸுக்கு முதல்ல வெந்நீர் காட்டணுமாம், இல்லன்னா அதுக்கு அதிர்ச்சியாயிடுமாம். டிக்காஷன் கெட்டியா இருக்கணும், நாட்டுச் சர்க்கரை கரையணும், ரம்ம ஊத்தணும், அப்புறம் கரண்டியக் குப்புறப் பிடிச்சு அதோட முதுகு மேல க்ரீம வழிய விடணும். க்ரீம் மேலயே மிதக்கணும். கலக்கக் கூடாது. கறுப்புக் காபிய மேல மிதக்கற வெள்ளை வழியா உறிஞ்சிக் குடிக்கணும்.

மிதந்துச்சா? எங்க. இவரு ஊத்தினா கல்லு மாதிரி உள்ள போயிடும். ரம் இல்லாம ஒத்திகை பாக்கறேன்னு தினம் நாலு கிளாஸ் போடுவாரு, முங்கினதெல்லாம் என் கணக்கு. குளிர் முடியறதுக்குள்ள என் ஜாக்கெட்டெல்லாம் பிரிச்சுத் தைக்கணும்.

நேத்து என்னமோ உங்க நல்ல நேரம், மிதந்துடுச்சு. நீங்க ஒரு வாய் உறிஞ்சிட்டுக் கண்ண மூடினீங்க. எங்க வீடே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இது கடைச் சரக்கு மாதிரி இல்ல, மரப் பீப்பாய்ல பல வருஷம் தூங்கின ரம், நாக்கோட ஓரத்துல அந்த மரம் தெரியுதுன்னு சொன்னீங்க. உடனே உங்க கூட வந்த ஸ்டோர் கீப்பர் சாரு, எனக்கும் மரம் தெரியுதுன்னாரு. கணக்கு பாக்கற அக்கா ஒரு படி மேல போயி, எனக்கு அந்தக் காடே தெரியுதுன்னாங்க. இவரு முகத்தப் பாக்கணுமே. தாடிக்காரர நேர்ல பாத்திருந்தா கால்ல விழுந்திருப்பாரு.

ரெண்டாவது கிளாஸ்ல ஸ்டோர் கீப்பர் சாரு பூமி சுத்துதுன்னு கீழ உட்கார்ந்துட்டாரு. பூமியில்ல, அந்தக் கால் ஆடற நாற்காலின்னு சொல்ல வந்தேன், அவரு கேக்கற நிலைமையில இல்ல. அக்கா பால்கனியில போயி அவங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, கல்யாணம் ஆனதுலேர்ந்து பேசாததையெல்லாம் பேசித் தீத்துட்டாங்க. இவரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீ இல்லன்னா நான் இல்லன்னாரு. சட்னி அரைச்சுக் குடுத்தாக்கூட நல்லாருக்குன்னு சொல்லாத மனுஷன் சார். நீங்க மட்டும் தெளிவு. தடுமாறாம, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிதானமாத்தான் அந்த இன்சார்ஜ் விஷயத்தச் சொன்னீங்க. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, வண்டி ஓட்டற நிலைமையில நான் இல்லன்னு சாவிய இவர்கிட்ட குடுத்துட்டு வாடகைக் கார்ல போனீங்க.

நான் அடுப்படியிலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சிரிப்ப அடக்க முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன்.

ஏன்னு கேக்கறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க சார். நேத்து மத்தியானம் எங்க பெரியவ ப்ரிட்ஜ் கதவுல ஒரு படம் வரைஞ்சா. பெரிய தொப்பை, மீசை, கையில பிரம்பு. யாருடி இதுன்னா, அப்பாவோட சாருங்கறா. பிரம்பு அவளாப் போட்டதுதான், நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. வரைஞ்சது எதால? உங்க கம்பெனியில பெட்டி மேல எழுதற மார்க்கரால. மழையில நனைஞ்சாலும் போகாதாமே, நல்ல சரக்குதான் வாங்கறீங்க. சோப்பு போட்டேன், பேஸ்ட் போட்டேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், நீங்க அசையவே இல்ல. சாயங்காலம் நீங்களே வரப்போறீங்க. அப்பத்தான் ஸ்பிரிட் தொட்டாப் போயிடும்னு எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சொன்னது ஞாபகம் வந்துச்சு. வீட்ல ஸ்பிரிட்டுக்கு எங்க போறது? அலமாரியில இவரு பொத்திப் பொத்தி வச்சிருந்த ரம் பாட்டில்தான்.

துணியில தொட்டுத் தொட்டுத் தேய்ச்சேன். தொப்பை போச்சு, மீசை போச்சு. பிரம்பத் தேய்க்கும்போது சின்னவன் தவழ்ந்து வந்து பாட்டிலத் தட்டி விட்டுட்டான். முதல்ல பிள்ளையத் தூக்கினேன், அப்புறம் பாட்டிலத் தூக்கினேன். அதுக்குள்ள மொத்தமும் தரையில. தரை என்னமோ பளபளன்னு ஆயிடுச்சு. வேற வாங்கலாம்னா, ரெண்டு பிள்ளைங்களையும் இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுமா பிடிச்சுக்கிட்டு சரக்குக் கடை வாசல்ல போய் நிக்க முடியுமா? சர்க்கரையக் கறுக்கக் காய்ச்சித் தண்ணி விட்டேன். சுக்கு, மிளகு, கிராம்பு தட்டிப் போட்டேன். தொண்டையில பிடிக்கணுமேன்னு ஒரு கரண்டி வினிகர். வடிகட்டி அதே பாட்டில்ல ஊத்தி மூடி வச்சிட்டேன். இவருக்கே இது வரைக்கும் தெரியாது.

ஆமா சார். ஒரு சொட்டு இல்ல. சர்க்கரைத் தண்ணிதான்.

தண்ணி குடிங்க சார். மெதுவா, புரையேறிடப் போகுது.

நான் இத யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஸ்டோர் கீப்பர் சாரு மனசு நோகும், அந்த அக்காவுக்கு வீட்ல பேசின தைரியம் போயிடும். இவரு சட்னி பத்தி வாயத் திறக்க இன்னொரு குளிர் வரணும். எல்லாருக்கும் கையில ஒரு கிளாஸ் இருந்தாத்தான் மனசுல இருக்கறது வாய்க்கு வருதுன்னா, இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு மட்டும் ஏன் சொல்றேன்னா, நேத்து பேசினது வேற யாரோன்னு நீங்க நெனச்சுக்கிட்டுப் போகக் கூடாதுல்ல. அது நீங்கதான் சார். நல்லாவும் பேசினீங்க. அந்த மெஷினப் பத்தி நீங்க சொன்னது நெசம்னு உங்க மச்சினருக்கும் தெரியும், அவருக்கே இவருதான வேலை பழக்கறாரு.

உங்க வீட்ல மேடத்த என் அக்கா முறையா நெனச்சு, அவங்ககிட்ட வேணா நான் பேசறேன். பக்குவமாத்தான்.

தாழ்ப்பாள் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. எழுந்திருக்காதீங்க சார், ஒரு நிமிஷம். நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னத, இப்ப கையில கிளாஸ் ஒண்ணும் இல்லாம, அவரு மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லிடுங்க சார்.