அலைப் பெட்டியும் ஹுமைராவின் கேள்வியும்

இந்த இனிய மாலைக்குத் தலைமை ஏற்று, மேடையில் ஓடுகிற ஒரே மின்விசிறியைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல் என் பக்கம் திருப்பிவிட்ட பெருந்தகையே, தேவிபட்டினத்தின் தெளிந்த சிந்தையே, அவைத்தலைவர் வாவு முகம்மது அவர்களே! வந்து வரிசையாய் அமர்ந்து வாசல்வரை நிறைந்திருக்கும் வணக்கத்துக்குரிய பெரியோர்களே! நான் பேசி முடித்தால்தான் பந்தி என்று விழாக் குழு போட்ட கடுஞ்சட்டத்தையும் பொறுத்து, பொன்முகம் காட்டி அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பாம்பனிலிருந்து பகல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் கடலோடித் தோழர்களே! உங்கள் அனைவருக்கும், ஆர்.எஸ்.மங்கலத்தில் நெல் வியாபாரம் செய்து பிழைத்து, ஓய்ந்த நேரத்தில் ஒலிபெருக்கி பிடிக்கும் காளீஸ்வரனின் பணிவான வணக்கம்.

இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? சஃபீர் மாப்பிள்ளை பேருந்துச் சாலையில் ஒரு கடை திறந்திருக்கிறார். விசைப்படகுகளில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி, வயர்லெஸ், வீட்டு டிவி எல்லாம் பழுது பார்க்கும் கடை. அதற்கு வாழ்த்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். ஆனால் அழைப்பிதழைப் பார்த்தீர்களா? என் பெயருக்கு நேரே 'சந்தேகப் பேரொளி' என்று அச்சடித்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். எனக்குக் கோபமில்லை. நெல் வியாபாரிக்கு அது பட்டம்தான். மூட்டையின் மேல் பொன்மணி கிடக்கும், உள்ளே பதர் கிடக்கும். குத்தூசியைச் சொருகி, உள்ளிருப்பதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நான் விலை பேசுவேன். பேசிப் பேசியே பாதி நாள் போய்விடும் என்பது என் மனைவியின் புகார்.

ஆகவே என் சந்தேகத்தைப் பற்றியே பேசுகிறேன். இணையத்தில் ஒரு புது வழக்கம் புறப்பட்டிருக்கிறது. கிரவுட் ஃபண்டிங் என்கிறார்கள். பொருளைச் செய்து முடித்து விற்பதில்லை. செய்யப் போகிறேன் என்று சொல்லி விற்பது. பிள்ளை பிறக்கவில்லை, பெயர் சூட்டியாயிற்று. பெட்டி பிறக்கவில்லை, விலை சூட்டியாயிற்று. படம் பளபளக்கும், பாட்டு முழங்கும், முந்திக் கட்டியவருக்கு முதல் பெட்டி என்பார்கள். நாமும் கட்டுவோம். தீபாவளிக்கு வரும் என்பார்கள். அப்புறம் பொங்கலுக்கு என்பார்கள். உள்ளே வைக்கிற சிப் கிடைக்கவில்லை என்பார்கள், கப்பல் தாமதம் என்பார்கள். கடைசியில் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அப்படியா? இல்லை, சொன்ன சொல் காத்த நல்லவர்களும் உண்டு. ஆனால் யார் நல்லவர் என்று காசு கட்டிய பிறகல்லவா தெரிகிறது?

இதிலே பழைய கால வீடியோ கேம் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். நாற்பதைத் தொட்ட ஆண்பிள்ளைகள் மயங்கிப் போவார்கள். இங்கே முன்வரிசையிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். வளைகுடாவிலிருந்து மாமன்மார் கொண்டுவந்த டிவி கேம். கேசட் ஓடவில்லையா? கழற்று, வாயால் ஊது, திரும்பச் சொருகு. அதையே புது மெருகில், புதுக் கம்பியில், புது டிவியில் ஓடும்படி ஒருவர் செய்துதருகிறேன் என்றால், கணக்குப் பார்க்கிற மூளை கதவைச் சாத்திக்கொள்கிறது. என்ன, தலையாட்டுகிறீர்களே ஐயா? அப்படியானால் உங்களுக்கும் கதை தெரியும்.

நம் சஃபீர் அப்படி ஒரு பெட்டி செய்யக் கிளம்பினார். 'அலை' என்று பெயர். வள்ளம் ஒன்று பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் மீன் பிடிக்கிற ஆட்டம். ஆட்டத்தை உருவாக்கியது அவர்தான், அந்த அறிவில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சவுதியில், தம்மாமில் பல வருடம் மின்னணுக் கருவிகளோடு மல்லாடிய கை அது. ஆனால் அவர் ஏன் கிளம்பினார்? அதைச் சொல்ல வேண்டும். விடுப்பில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. மனைவி ஹுமைரா இங்கே, மகள் சஃபா இங்கே, அவர் மட்டும் ஏன் அங்கே? ஊரோடு இருக்க வேண்டும், உழைத்துத் தின்ன வேண்டும். பெட்டிக்குப் பணம் சேர்ந்தால் இங்கே இருக்கலாம், சேராவிட்டால் விமானம் ஏற வேண்டும். அவரிடம் இருந்த வழி அது ஒன்றுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னே, இதே ஊரில், கல்யாண மண்டபத்தில் அறிமுக விழா நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். மைக் பக்கம் நான் போய்விடக் கூடாது என்று மூன்றாம் வரிசையில் நட்ட நடுவே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் என் சிநேகிதர், விவசாயி தவசி. அதோ, வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல இருக்கிறாரே, அவரேதான். அவரும் பணம் கட்டியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தவசி, நீ எதுக்குய்யா கட்டுன? ஒன் வீட்டு டிவியே ஓடலையே."

"அட போப்பா. சஃபீரோட வாப்பா எங்க வீடு குடிபோறப்ப வந்து செஞ்சாரு. நான் திருப்பிச் செய்ய வேணாமா?"

"இது கல்யாணம் இல்லய்யா."

"மண்டபம் இருக்கு, மைக் இருக்கு, அங்கன சோறு வேகுது. வேற என்னய்யா வேணும்?"

கைதட்டாதீர்கள், அவர் இன்னும் பேச ஆரம்பித்துவிடுவார். தவசி மட்டுமா அப்படி நினைத்தார்? துபாயிலிருந்து ஒருவர் பணம் அனுப்பி, கூடவே 'மணமக்கள் நீடூழி வாழ்க' என்று எழுதியிருந்தார். இணையத்துக்காரன் அதை முன்பதிவு என்று கணக்கு வைத்தான். நம் மக்கள் அதை மொய் என்று வைத்தார்கள்.

பெரியோர்களே, இங்கேதான் என் சந்தேகம் சங்கடமாக மாறியது. மொய் என்பது என்ன? ஆளைப் பார்த்துச் செய்வது. அவன் அப்பனைப் பார்த்து, அவன் வீட்டைப் பார்த்து, நாளை நம் வீட்டுக்கு அவன் வருவான் என்று பார்த்துச் செய்வது. மொய் வைத்துவிட்டு மேடையேறி, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பார் உண்டா? கேட்டால் அவரை யார் மதிப்பார்? அந்த மரியாதையே அன்று எல்லார் வாயையும் கட்டிப்போட்டது. பெட்டி எப்போது வரும் என்று கேட்டோமா? கேட்கவில்லை. யார் செய்கிறார்கள் என்று கேட்டோமா? கேட்கவில்லை. வராவிட்டால் என்ன கதி என்று கேட்டோமா? வாயைத் திறக்கவில்லை. முகம் தெரியாத ஊரில் ஏமாந்தவன் திட்டிவிட்டுப் போவான். இங்கே தேநீர்க் கடையில், பள்ளிவாசல் படியில், பேருந்து நிறுத்தத்தில் தினம் தினம் முகத்தில் விழிக்க வேண்டும்.

மேடையில் சிவப்பு வெல்வெட் துணி விரித்த மேசை. மேசைமேல் அழகான அலைப் பெட்டி. பெரிய திரையில் வள்ளம் ஓடுகிறது, மீன் துள்ளுகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. தொகுப்பாளர் ஒப்புக்கு, "யாருக்காவது கேள்வி இருந்தா கேளுங்க" என்றார். கேள்வியா? நெய்ச்சோற்று வாசனை வந்துகொண்டிருக்கிறது, எவர் கேட்பார்?

பெண்கள் பகுதியிலிருந்து ஒருவர் எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"நான் ஹுமைரா. சஃபாவோட உம்மா."

மேடையில் நிற்பவரின் மனைவி. வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று கைதட்டினோம். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"சஃபா வாப்பா, நாளைக்கு இந்த ஊரு கேக்கப் போறத நான் இன்னைக்கே கேட்டுக்கிறேன். திரையில ஓடுற ஆட்டம் அந்தப் பெட்டியில இருந்துதான் வருதா?"

அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே. கணவன் ஊரில் தங்க வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் யார்? அந்த ஆசை நிறைவேற அன்றைக்கு அவர் செய்ய வேண்டியிருந்தது என்ன? சும்மா இருப்பது ஒன்றுதான். வாய் திறக்காமல் இருந்தால் பணம் சேரும், கணவர் தங்குவார். கேட்டால் விமானம் ஏறுவார். அது தெரிந்தும், அத்தனை பேர் முன்னிலையில், தெளிவாகக் கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

சஃபீர் மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன், இல்லை. மேசைத் துணியைத் தன் கையாலேயே தூக்கினார். கீழே ஒரு மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர்ல இருந்துதான் வருது. பெட்டிக்குள்ள இன்னும் ஒண்ணுமே இல்ல. எல்லாரும் இப்படித்தான் காட்டுறாகன்னு நானும் செஞ்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. வாங்குன காச எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துர்றேன்."

அன்றைக்குச் சோறு மட்டும் குறைவில்லாமல் இருந்தது. வீட்டில் அன்று என்ன நடந்தது என்று சஃபீர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் கேட்டாராம்: "நான் போகணும்னுதான் கேட்டியா?" அதற்கு அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாராம்: "போயிட்டு வந்தாலும் இந்தத் தெருவுல நீங்க நிமிந்து நடக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்." இதைவிட ஒரு அன்பு வார்த்தை உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

இணையத்தில் கட்டிய வெளியூர்க்காரர்களுக்குப் பணம் உடனே போய்ச் சேர்ந்தது. உள்ளூரில்தான் சிக்கல். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சஃபீர் எங்கள் ஊருக்கு வந்து தவசியிடம் பணத்தை நீட்டினார்.

"ஏலே, மொய்ய யாராச்சும் கொண்டாந்து திருப்பித் தருவாகளா? எங்க ஒறவு வேணாங்கிறியா?"

"மாமா, அது மொய் இல்ல மாமா."

"எனக்கு மொய்தான். பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். குடும்பத்தோட வந்து அங்கன செய்யி, வாங்கிக்கிறேன்."

ஊரெல்லாம் இதே பதில். அப்புறம் என்ன? காதுகுத்து, கல்யாணம், சுன்னத்து, புதுமனை என்று ஒன்றுவிடாமல் போனார். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் விசேஷத்தில் திருப்பிச் செய்தார். கடனும் கரைந்தது, இடுப்பும் பெருத்தது. மறைக்காதீர்கள் மாப்பிள்ளை, சட்டைப் பொத்தானே சாட்சி சொல்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த விழா முடிந்த கையோடு அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தம்மாம் போகிற பயணப் பெட்டி. ஹுமைரா துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பாம்பன் விசைப்படகுக்காரர் இமானுவேல். கையில் உப்புநீர் குடித்த ஜி.பி.எஸ்.

"மண்டபமே பாக்க, எம் பொருள்ல ஒண்ணுமில்லன்னு சொன்ன ஆளு நீங்கதானா?"

"நான்தான்."

"அப்ப இதையும் பாத்து, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ரெண்டு பேரு காச வாங்கிக்கிட்டு சரியாயிருச்சுன்னு குடுத்தாக. நடுக்கடல்ல போயி அணைஞ்சு போச்சு."

கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கடலிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லைக் கோடு இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் படகு திரும்புமா, ஆள் திரும்புவாரா என்று வீட்டிலே விளக்கேற்றிக் காத்திருக்க வேண்டும். அந்தக் கருவி அணைந்தால் அது வெறும் பழுதா? சஃபீர் திறந்து பார்த்தார். மூடினார். "இது தேறாது அண்ணே. இத நம்பிக் கடலுக்குப் போகாதீக. புதுசு வாங்கிருங்க" என்றார். காசு வாங்கவில்லை.

அந்த ஒரு 'தேறாது' பாம்பன் கரையெல்லாம் பரவியது. தேறாது என்று சொல்லும் வாய், தேறும் என்று சொன்னால் நம்பலாமல்லவா? அடுத்த வாரமே சாக்குப் பையில் கருவிகள் வந்து இறங்கின. இதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அதையும் முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். விமானச் சீட்டைத் தள்ளிப் போட்டார், மறுபடி தள்ளிப் போட்டார். விசா முடிந்த நாளைக்கூட அவர் கவனிக்கவில்லை, ஒரு வயர்லெஸ்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வராந்தாவில் நடந்த வேலைதான் இன்று பேருந்துச் சாலையில் பெயர்ப்பலகையோடு நிற்கிறது.

எண்ணிப் பாருங்கள் சான்றோர்களே. பணம் கொடுத்து அவரைத் தங்க வைக்கலாம் என்று ஊரே நினைத்தது. பணம் தங்கவில்லை. அவரை அனுப்பிவிடும் என்று அஞ்சிய கேள்வி அல்லவா அவரைத் தங்க வைத்தது? கேள்வி கேட்டால் உறவு கெடும் என்கிறோம். கெட்டதா? கேள்வி கேட்டால் மரியாதை போகும் என்கிறோம். போயிற்றா? புதுமைக்கு நான் எதிரி இல்லை. இளைஞர்கள் செய்யட்டும், ஊர் கூடித் தாங்கட்டும். தாங்குகிற ஊருக்குத் திறந்து காட்டு என்று சொல்லும் உரிமை வேண்டும். கேட்கிறவரைச் சந்தேகப் பிராணி என்று மூன்றாம் வரிசையில் அடைக்காதீர்கள். மைக்கைக் கொடுங்கள். பிறந்த நாள் முதல் கூட இருக்கிற உறவு கேட்காவிட்டால், வேறு யார் அக்கறையோடு கேட்பார்கள்?

பெட்டி என்ன ஆயிற்று என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். சபாஷ், இப்படித்தான் கேட்க வேண்டும். பெட்டிக்குள் இப்போது எல்லாம் இருக்கிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கிறார். நானே மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விளையாடினேன். வள்ளம் பிரமாதமாக ஓடுகிறது. மூன்றாவது பாறையைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். "தெரியல மாமா, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். இந்த 'தெரியல' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்று மாலை மேடையேறும் முன் ஒரு செய்தி சொன்னார்கள். வளைகுடா நண்பர்கள் மறுபடி நிதி திரட்டலாம் என்கிறார்களாம், இந்த முறை வேகமாக முடித்துவிடலாம் என்கிறார்களாம். நான் நேரே ஹுமைராவிடம் போனேன். "ஏம்மா, இப்ப அந்தப் பெட்டிக்கு நீ காசு கட்டுவியா?" என்று கேட்டேன். பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, கடைக்குள் கணவர் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அவசரம் என்ன மாமா? ஆளு வீட்டுல இருக்காரு. பெட்டி வரும்போது வரட்டும்."

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பசியோடு கேட்ட தாய்மார்களுக்கும், கடிகாரத்தைக் காட்டாமல் கண்ணியம் காத்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கடை செழிக்கட்டும், கடலுக்குப் போகும் படகெல்லாம் கரை சேரட்டும். பந்தி திறக்கலாம். வணக்கம்.