எரிமலைக்குச் செருப்பு

சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனேன். கடலூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. கோஸ்டாரிகாவில் வேலை பார்க்கும் மகள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். கணவரோ விமானத்துக்குப் பயந்து மறுத்துக்கொண்டே வந்தார்.

"சான் ஹோசேன்னு பெரிய டவுனு மாமா! ரோட்ல நின்னு பாத்தாலே சுத்தி பச்சை மலையாம், ஒண்ணு எரிமலையாம்! கிளி அவ ஜன்னல்லயே வந்து உக்காருதாம்! நீங்க வரலைன்னா நானும் போவல."

பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன்டி, எரிமலைக்குச் செருப்பு போட்டுக்கிட்டு போலாமா? அக்னி சாமியாச்சே."

"ஐயோ மாமா, அப்ப வர்றீங்களா!"

"செருப்பத்தான் கேட்டேன்."

கோபுரம் தெரிந்தது. நடராஜா என்று கும்பிட்டேன். அவர்களும் கும்பிட்டார்கள். கூப்பிய கையை இறக்காமலே அவர் சொன்னார்:

"பிளேன்ல ஜன்னலோரம் நீ உக்காரு. நான் கீழ பாக்க மாட்டேன்."