ஒட்டுத் தெரியாத சொவரு

– ஏங்க, நான் ஊதுபத்தி சொருகுற வெடிப்பு எங்க போச்சு?

– எந்த வெடிப்பு, கலா?

– எந்த வெடிப்பா? சாமி படத்துக்குக் கீழ, மேட்டுப் பக்கச் சொவருல. கல்யாணம் கட்டி வந்த நாள்லருந்து அதுலதான சொருகுறேன். இப்ப பாக்குறேன், சொவரு வழுவழுன்னு கெடக்கு.

– நீ மொதல்ல பையக் கீழ வை. பள்ளிக்கூடத்துலருந்து மேடு ஏறி வந்திருக்க. தேத்தண்ணி ஊத்தவா?

– தேத்தண்ணி கெடக்கட்டும். மண்ணு சரியும்னு பயந்து இத்தன நாளு பள்ளிக்கூடத் தரையில படுத்துக் கெடந்துட்டு வூடு திரும்பியிருக்கோம். சாமிக்கு ஒரு பத்தி கொளுத்தலாம்னா சொருக எடமில்ல. என்னா மனுசன் நீங்க, என்ன செஞ்சீங்க?

– அடச்சுட்டேன்.

– எதால?

– பேஸ்ட்டாலதான். நான் ஒட்டுற பிளாஸ்டிக் பொம்மைக் காருக்கு இடுக்கு அடைக்கிறேன்ல, அந்த மாதிரி பேஸ்ட். கராஜ்லருந்து பெரிய டின் கொண்டாந்தேன்.

– அப்ப பெயின்ட்டு? பழைய சொவரு மாதிரியே பொகை புடிச்சுல்ல இருக்கு.

– இந்தா பாரு, அதுதான் வேலை! மாடல் கார்ல ரெண்டு துண்ட ஒட்டினா, ஒட்டின எடம் கோடாத் தெரியும். பேஸ்ட்ட வச்சு, காஞ்சதும் தண்ணி தொட்டு சேண்ட் பேப்பர் போடணும். பெயின்ட் அடிச்சு, அதுக்கு மேல கரியக் கொழச்சு லேசா ஒத்தி எடுக்கணும். அப்பத்தான் நெஜமா ரோட்டுல ஓடிக் களைச்ச காரு மாதிரி இருக்கும். சொவருக்கும் அதையேதான் செஞ்சேன். புதுப் பெயின்ட்டு தனியாத் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்ல? நம்ம அடுப்புக் கரிதான்.

– என்னைக்கு செஞ்சீங்க?

– முந்தாநாளு. மாட்டுக்குப் புல்லுப் போடுறவங்கள மேல விட்டாங்கள்ல, அவங்களோட வந்தேன்.

– முந்தாநாளா? நேத்துத்தானங்க நிசாந்தினி மிஸ் வந்து பாத்தாங்க!

– எந்த மிஸ்ஸு?

– மண்சரிவு பாக்குற மிஸ்ஸு. நீங்க ஹாலிஎல கராஜுக்குப் போயிட்டீங்க. லயத்துல இருக்குற வூடு ஒவ்வொன்னையும், ஒவ்வொரு காம்பராவா, டோர்ச் அடிச்சுப் பாத்தாங்க. நான் வாசல் இஸ்தோப்புல நின்னேன், உள்ள வர வேணாம்னுட்டாங்க. நம்ம காம்பராவுலதான் ரொம்ப நேரம் நின்னாங்க. கடைசிக் காம்பரா, மலைய ஒட்டின சொவரு, எது வந்தாலும் இதுலதான் மொதல்ல தெரியும்னாங்க. வெளிய வந்து அவங்க யாழ்ப்பாணப் பேச்சுல சொன்னாங்க, “அம்மா, அந்தச் சுவரிலை ஒரு பிழையும் இல்லை, நீங்கள் எல்லாரும் வீட்டை போகலாம்”னு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

– அவங்க வருவாங்கன்னு எனக்குத் தெரியாது, கலா.

– சாமி சத்தியமா?

– சாமி சத்தியமா. நான் சேத்து வச்ச கார்ப் பெட்டிகளுக்காகத்தான் அடச்சேன். அந்த வெடிப்பு வழியா ஈரம் எறங்கி எல்லாம் ஊதிப் போச்சு. இந்த மொரிஸ் மைனரப் பாரு. அறுபத்தஞ்சாம் வருசத்துப் பெட்டி. மேல சுத்தின கண்ணாடிப் பேப்பரு இன்னும் கிழியல. மூலையில பூஞ்சணம் புடிச்சிருக்கு பாத்தியா?

– அதத் தெறந்தே பாக்காதவருக்கு, உள்ள காரு இருக்கோ கல்லு இருக்கோ!

– குலுக்கினாலே தெரியும். சில்லு உருளுற சத்தம் வேற, பம்பர் தட்டுற சத்தம் வேற. தெறந்தா அது வெறும் பிளாஸ்டிக்கு. தெறக்காம இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. ஒட்டி வெளையாடத்தான் றினாஸ் கடையில வாங்கின ஒடஞ்சது, துண்டு குறைஞ்சது எல்லாம் இருக்கே.

– பகல் பூரா பெரிய கார நிமித்துறது, வூட்டுக்கு வந்தா சின்னக் கார ஒட்டுறது. ஏறி ஒக்காரத்தான் ஒன்னுமில்ல.

– கராஜ்ல நிமித்துறது அடுத்தவன் காரு. சாவியக் குடுத்ததும் போயிரும், திரும்பிக்கூடப் பாக்காது. இது எங்கயும் போகாது, கலா. எனக்குன்னு இருக்குறது இது ஒன்னுதான்.

– அவ்வளவு ஆசைன்னா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டு வர்றதுதான?

– மொத நாளு ரெண்டு கொண்டாந்தேனே. மாரிசாமி அண்ணன் தலைக்கு வச்சுப் படுத்துட்டாரு.

– சிரிப்புக் காட்டாதீங்க. போன எடுங்க. மிஸ்ஸுக்கு சொல்லுவோம்.

– என்னான்னு? வெடிப்ப நாந்தான் மறச்சேன்னா? லயத்துச் சனமே என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கும்.

– மிதிக்கட்டும்! மீரியபெத்த மண்சரிவுல எங்க சின்னம்மா வூட்டு ஆளுகள மண்ணுக்குள்ளருந்து எடுக்கவே இல்ல. மறந்துட்டீங்களா? எங்கம்மா இன்னும் அந்தப் பக்கம் பஸ்ஸுல போனா கண்ண மூடிக்கிறா.

– அது வேற மலை. இந்தா பாரு, இது வெள்ளக்காரன் காலத்து லயம். இந்த வெடிப்பும் நேத்து வந்தது இல்ல. நீயே இத்தன வருசமா பத்தி சொருகியிருக்க. அப்ப பயந்தியா?

– அப்ப மழை இப்படிக் கொட்டலயே.

– மிஸ்ஸு வெடிப்பப் பத்தி ஒன்னும் சொல்லலயா?

– சொன்னாங்க. பழைய வெடிப்பு அப்படியே கெடந்தா பரவால்லயாம். அது பெருசானாலோ, அடச்சது திரும்ப வெடிச்சு விட்டாலோ மலை நகருதுன்னு அர்த்தமாம். சாமான் சட்டின்னு பாக்காம புள்ளைகளத் தூக்கிட்டு ஓடணும்னாங்க.

– பாத்தியா? பழசு பரவால்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

– கலா அக்கா! கலா அக்கா, கேக்குதா?

– பக்கத்துக் காம்பரா அகீலா கூப்புடுறா. சும்மா இருங்க. கேக்குது அகீலா, சொல்லு!

– ரெண்டு வெங்காயம் இருந்தாக் குடுங்கக்கா. புள்ளைய விட்டு நவுர முடியல. பொறந்து பெரியாஸ்பத்திரியிலருந்து நேராப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன், இன்னைக்குத்தான் சொந்தக் காம்பராவுல தூங்குறான். கை ரெண்டையும் விரிச்சுப் போட்டு, பெரிய தொரை மாதிரி!

– தூங்கட்டும், தூங்கட்டும். நான் கொண்டாறேன்.

– அண்ணன்கிட்டயும் சொல்லுங்க. உங்க சொவரு நல்லா இருந்ததாலதான் லயத்துக்கே உத்தரவு கெடச்சுதாம். புண்ணியமாப் போகும் அவருக்கு.

– சொல்றேன், அகீலா.

– எனக்கே கேட்டுச்சு, கலா. நீ சொல்ல வேணாம்.

– போன இப்படிக் குடுங்க, மிஸ்ஸுகிட்ட நானே சொல்றேன்.

– இப்பப் போயி சொன்னா, அந்தப் பச்சப் புள்ளையத் திரும்ப ஈரத் தரையிலதான் போடணும். நீயும் குளிக்க வரிசையில நிக்கணும்.

– அத மட்டும் சொல்லாதீங்க. உடுப்பு மாத்த ஒரு மறைவு இல்ல அங்க. நாலு பொம்பளைக சேலையப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, நான் நடுவுல நின்னு மாத்துவேன். அந்தப் பக்கம் ஆம்பளைக சீட்டு வெளையாடுற சத்தம் கேக்கும். நெனச்சாலே அழுகையா வருது.

– அதத்தான் நானும் சொல்றேன்.

– இருங்க, என்னைக் கொஞ்சம் யோசிக்க விடுங்க. நீங்க அடச்சது முந்தாநாளு. நேத்து ராத்திரி முழுக்க மழை. இங்க படத்துக்குக் கீழ பாக்குறேன், ஒரு மயிரளவு கூட விடல.

– விடல.

– மலை நகந்திருந்தா விட்டிருக்கும்ல?

– ம்.

– அப்ப ஒன்னுமில்ல. இது அந்தக் காலத்து வெடிப்புத்தான். நான்தான் வீணாப் பயந்துட்டேன். யாருகிட்டயும் சொல்ல வேணாம், நாமளும் மூச்சு விட வேணாம். பத்திய ஒரு வாழைப்பழத்துல குத்தி வச்சுக்கிறேன்.

– சரி.

– என்னா சரி? மொகத்த அங்குட்டுத் திருப்பிக்கிட்டு ஒரு சரி! விடியுறதுக்குள்ள எங்களுக்கு முன்னாடி ஓடி வந்தீங்களே, ஒரு தேத்தண்ணியாவது குடிச்சீங்களா?

– பசிக்கல.

– பெட்டியப் பாத்தா வயிறு நெறஞ்சிரும் உங்களுக்கு. தள்ளுங்க. வெங்காயக் கூடை இந்தப் பெட்டி அடுக்குக்குப் பின்னாலதான இருக்கு?

– அத நவுத்தாத. நான் எடுத்துத் தாரேன்.

– உங்க மொரிஸ் மைனரு ஒடஞ்சிராது, விடுங்க. அய்ய, இங்கயும் அடச்சிருக்கீங்களா? தரை வரைக்குமா? ஏங்க, நான் பத்தி சொருகின வெடிப்பு ஒரு சாண் கூட இல்லையே. இது இவ்வளவு நீளத்துக்குப் போகுது?

– கலா, அதத் தொடாத.

– என்னா இது, வெரல்ல கரியா ஒட்டுது. முந்தாநாளு அடிச்ச பெயின்ட்டு இன்னுமா காயல?

– அது முந்தாநாளு அடிச்சது இல்ல, இன்னைக்கு அடிச்சது. காலையில நான் வந்து கதவத் தெறந்தப்ப, சொவரு திரும்ப வெடிச்சு விட்டுக் கெடந்துச்சு.